நட்சத்திரம் போட்ட வரி

காலையில் எழுந்ததும் பிலவேந்திரன் மோட்டார் சுவிட்சைப் போடுவான். போட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வான். தொட்டி நிரம்பும்வரை அங்கேயே இருப்பான். பல் துலக்குவதும் அங்கேதான். நிரம்பியதும் இறங்கிப்போய் சுவிட்சை அணைப்பான். பிறகு பால் காய்ச்சுவான். கடையில் வாங்கிய மாவில் மூன்று தோசை ஊற்றி, ஒன்றைத் தின்றுவிட்டு மற்ற இரண்டையும் டப்பாவில் வைப்பான். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்ப்பான். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பான். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோய் பெரம்பலூர் பஸ் ஏறுவான்.

பைக் வீட்டு வாசலில் நிற்கிறது. ஒரு வருடமாக அதை எடுப்பதில்லை. பஸ்ஸிலும் வலது பக்கம் உட்கார மாட்டான். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் எதிரே வரும் சுண்ணாம்புக்கல் லாரிகளையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கும். போன அக்டோபரில் அவன் மனைவி ஜெனிதா, திருமானூர் சாலையில் இருக்கும் தன் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டியில் போகும்போது, அப்படி ஒரு லாரியில்தான் அடிபட்டாள்.

பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியில் அவன் பொருளாதாரம் நடத்துகிறான். வயது முப்பத்திரண்டு. அன்று முதல் பீரியடை முடித்துவிட்டு வந்தவன் துறை அறைக்குள் ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தான்.

“சார், ஒரு எடத்துல உக்காருங்க சார்,” என்றாள் எதிர் மேஜை நர்மதா. “நீங்க நடக்குறீங்க, எனக்குக் கால் வலிக்குது.”

உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் போன் அடித்தது. ஜெனிதாவின் தம்பி டேவிட்ராஜ்.

“மச்சான், கல்லு டிசைன வாட்ஸ்அப்புல போட்ருக்கேன், பாத்தீங்களா? அம்மாவுக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சு. முருகையன் நாளைக்குக் காலையில எழுத்து வெட்ட ஆரம்பிச்சிருவாரு. கல்லறைத் திருநாளுக்குள்ள, நவம்பர் ரெண்டுக்குள்ள, பதிச்சாகணும்ல? சாயங்காலம் பட்டறைக்கு ஒரு எட்டு போயி சரின்னு சொல்லிருங்க.”

படத்தைத் திறந்தான். கறுப்புக் கல். மேலே சிலுவை. ஜெனிதா பிலவேந்திரன். பிறந்த தேதிக்கு முன்னால் நட்சத்திரம், இறந்த தேதிக்கு முன்னால் சிலுவை. அதற்குக் கீழே, பெயரை விடப் பெரிய எழுத்தில்: ‘சேசு மரி சூசையே! அம்மா, நீங்கள் அழக்கூடாது.’ அந்த வரிக்கு முன்னாலும் ஒரு நட்சத்திரம் இருந்தது.

ஜெனிதா அப்படிச் சொல்லவே இல்லை.

அந்த வரி லேப்டாப்பில் இருக்கும் ஏஐ எழுதியது.

கல்யாணமான புதிதில் அவன் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தான். ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரி விவசாயிகள் மரத்தை ஏன் வெட்டுகிறார்கள், வெட்டிய நிலத்தில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. ஞாயிற்றுக்கிழமைகளில் தோப்பு தோப்பாகப் போய்ப் பேச்சைப் பதிவு செய்து வருவான். அதை எழுத்தாக்கி, வகை பிரித்து, அத்தியாயமாகக் கட்டுவதில் ஏஐ கூட நின்றது. கெட்டிக்காரக் கூட்டாளி. ‘இந்த விவசாயி தொடக்கத்தில் மரத்தை வெட்டிவிட்டதாகச் சொல்கிறார், பிறகு போன வருட மகசூலைப் பற்றிப் பேசுகிறார். எது சரி?’ என்று கேட்கும். கேட்டபிறகுதான் அது அவனுக்கே உறைக்கும்.

ஆனால் இடைவெளி விழுந்த இடத்தில் தானாகவே ஒரு நல்ல வாக்கியத்தைப் போட்டு நிரப்பிவிடும் பழக்கமும் அதற்கு இருந்தது. படிக்க அழகாக இருக்கும், கேட்டால் ஆதாரம் இருக்காது. அதனால் ஓர் ஏற்பாடு செய்திருந்தான். பதிவிலோ புத்தகத்திலோ இல்லாத எந்த வரியை எழுதினாலும் அதற்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட வேண்டும். ஆதாரம் கிடைத்தால் அவன் குறியை எடுப்பான். கிடைக்காவிட்டால் வரியை எடுப்பான். ஏஐ அந்த ஏற்பாட்டிலிருந்து ஒருநாளும் தவறியதில்லை.

ஜெனிதா அதற்கு ‘உங்க கூட்டாளி’ என்று பெயர் வைத்திருந்தாள். “என்னங்க, உங்க கூட்டாளிக்கு ஒரு தட்டு வெக்கவா? ரெண்டு பேரும் சேந்தே சாப்புடுங்க,” என்பாள். ஒருநாள் அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அதைத் திறந்து, ‘எங்க வீட்டுக்காரர் எப்போது முடிப்பார்?’ என்று கேட்டு வைத்திருந்தாள். அதற்கு அது பொறுமையாகப் பதில் எழுதி, பதிலுக்கு முன்னால் நட்சத்திரம் போட்டிருந்தது. அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தாள்.

அவள் போனபிறகு அவனிடம் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். கடைசியா என்ன சொன்னுச்சு?

அவள் ஊரான ஏலாக்குறிச்சியில் அது சும்மா கேட்கிற கேள்வி அல்ல. உயிர் பிரிகிற நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் இயேசு, மரியாள், சூசையப்பரைக் கூப்பிட்டுக் காதில் ‘சேசு மரி சூசையே’ என்று சொல்ல வேண்டும், போகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்படிப் போனால் நல்ல மரணம். சாலையில் போனவளுக்கு யார் சொல்வது? மாமியார் மரிய புஷ்பத்துக்கு இருந்த ஒரே நம்பிக்கை, ஆஸ்பத்திரிக்கு முதலில் போய்ச் சேர்ந்தது மருமகன் என்பது. அவன் போனபோது மூச்சு இருந்திருக்கும், ஏதாவது சொல்லியிருப்பாள்.

அவன் போனபோது முகத்தில் துணி போட்டிருந்தார்கள். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றில்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான். அன்று மதியம் அவளுக்கு உடுத்த கல்யாணப் புடவை எடுக்க வீட்டுக்கு வந்தான். மாடிப்படியெல்லாம் ஈரமாக இருந்தது. வீட்டுக்கார அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். “காலையிலேருந்து தண்ணி வழிஞ்சிக்கிட்டே கெடந்துச்சு தம்பி. நாந்தான் மோட்டார நிறுத்துனேன்,” என்றார். விஷயம் தெரியாமல் சொன்னார். தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

முதலாண்டு நினைவுத் திருப்பலிப் பூசையில் வாசிக்க அரைப்பக்கம் எழுதித் தரச் சொல்லி டேவிட்ராஜ் கேட்டபோது, அவன் விவரங்களை அப்படியே ஏஐயிடம் கொட்டினான். பிறந்தது, படித்தது, கோயில் பாடகர் குழு, ஐந்தாம் வகுப்பு டீச்சர். அது எழுதும் முன் கேட்டது: ‘அவர் கடைசியாகச் சொன்னது ஏதாவது நினைவிருக்கிறதா? குடும்பத்தினர் அதைக் கேட்க விரும்பக்கூடும்.’

‘இல்லை’ என்று தட்டினான். பிறகு தட்டினான்: ‘என் மாமியார் அவள் சேசு மரி சூசை சொன்னாளா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அதற்கு ஏற்ற மாதிரி ஒரு வரி எழுது.’

எழுதியது. வரிக்கு முன்னால் நட்சத்திரமும் போட்டது. ‘இது நீங்கள் கேட்டதால் நான் அமைத்த வரி. அவர் இதைச் சொன்னதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. வாசிக்கும் முன் தயவுசெய்து யோசியுங்கள்’ என்றும் கீழே எழுதியது. அவன் அந்தக் குறிப்பை மட்டும் விட்டுவிட்டு மீதியை அப்படியே அனுப்பினான். நட்சத்திரத்தைக் கவனிக்கவில்லை. டேவிட்ராஜ் அது ஏதோ அழகுக்காகப் போட்டது என்று நினைத்து நினைவு அட்டையிலும் அச்சடித்துவிட்டான். கோயிலில் மைக்கில் அந்த வரியைப் படித்தபோது மரிய புஷ்பம் முந்தானையை எடுத்துக் கண்ணை ஒருமுறை அழுத்தித் துடைத்தார். அதன்பிறகு அவர் அழுது யாரும் பார்க்கவில்லை. “எம்மவ நல்ல சாவுதான் செத்துருக்கா,” என்று கோயிலுக்கு வந்து போகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

நல்லதாகப் போயிற்று என்று இருந்துவிடலாம். இருக்கத்தான் நினைத்தான். ஆனால் கொஞ்ச நாளாக வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலையை அவன் நினைக்கும்போதெல்லாம், வாசலில் ஹெல்மெட்டோடு நிற்கிற ஜெனிதா வாயைத் திறந்து அந்த வரியைச் சொன்னாள். ‘நீங்கள் அழக்கூடாது’ என்று, அவள் ஒருநாளும் பேசாத பேச்சில், ஆனால் அவள் குரலில். அவள் உண்மையில் சொன்னது பின்னால் எங்கோ நின்றது. எட்டிப் பிடிப்பதற்குள் இந்த வரி முந்திக்கொண்டது. இப்போது இது கல்லிலும் ஏறப் போகிறது.

லேப்டாப்பைத் திறந்து தட்டினான். ‘நினைவு உரையில் அந்த வரி பொய். நாளை கல்லில் வெட்டப் போகிறார்கள். மாமியாரிடம் எப்படிச் சொல்வது? எழுதிக் கொடு. நான் அனுப்பிவிடுகிறேன்.’

‘எழுதித் தர முடியும்,’ என்றது. ‘ஆனால் இதை நேரில் கேட்பதுதான் அவருக்கு நல்லது என்று தோன்றுகிறது. அந்த வரியை எடுத்துவிட்டால், அவர் உங்களிடம் உடனே கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஜெனிதா உண்மையில் கடைசியாக என்ன சொன்னார்? அது உங்களுக்குத் தெரியுமா?’

‘தெரியும்’ என்று தட்டினான். அதை அழித்தான். ‘அது ஒன்றுமில்லாத’ என்று தட்டினான். அதையும் அழித்துவிட்டு எழுந்து நடந்தான்.

“மறுபடியும் கெளம்பிட்டீங்களா?” என்றாள் நர்மதா.

“மேடம், மதியம் என் கிளாஸக் கொஞ்சம் பாத்துக்குறீங்களா? ஊருக்குப் போவணும்.”

“பாத்துக்குறேன். டப்பாவ எடுத்துட்டுப் போங்க சார். தெனம் தோசையக் கொண்டாந்து கொண்டாந்து திருப்பி எடுத்துட்டுப் போறீங்க. அதுக்கும் பஸ் ரூட்டெல்லாம் மனப்பாடம் ஆயிருக்கும்.”

பஸ்ஸில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு முறை சீட் மாறினான். “என்ன சார், வெயிலா?” என்று கண்டக்டர் கேட்டார். ஆமாம் என்றான். அரியலூரில் இறங்கியதும் நேராகப் பட்டறைக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டை ஒருமுறை சுற்றினான். டீ வாங்கினான். பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு நடந்தான்.

ஜெயங்கொண்டம் சாலையில் முருகையனின் பட்டறை. தகரக் கொட்டகை முழுக்க வெள்ளைத் தூள். ஜெனிதாவின் கல்லை இரண்டு மரக்கட்டை மேல் படுக்கப் போட்டு, எழுத்து ஒட்டிய காகிதத்தை விரித்திருந்தார்கள்.

“வாங்க சார். ஒங்களுக்குத்தான் காத்திருக்கேன்,” என்றார் முருகையன். “ஒரு சந்தேகம். பொறந்த தேதிக்கு ஸ்டாரு, செத்த தேதிக்குச் சிலுவ. ஒங்காளுங்களுக்கு எத்தினியோ கல்லு அடிச்சிருக்கேன், இதான் வழக்கம். இந்த வரிக்கு எதுக்கு சார் ஒரு ஸ்டாரு? டேவிட் தம்பியக் கேட்டா அக்கா வூட்டுக்காரருதான் எழுதுனாரு, அவரையே கேளுன்னுட்டாரு. இருக்கட்டுமா, எடுத்துரவா?”

பிலவேந்திரன் காகிதத்தைப் பார்த்தான். அவனுடைய ஆய்வேட்டில் எத்தனை இடத்தில் அந்தக் குறியை எடுத்திருப்பான், எத்தனை இடத்தில் வரியை எடுத்திருப்பான்.

“வரிய எடுத்துருங்க,” என்றான்.

“வரியவா? ஸ்டார எடுக்கவான்னுல்ல கேட்டேன்.”

“ரெண்டும் வேணாம். இல்ல, கொஞ்சம் பொறுங்க. அவங்க அம்மாகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன். நான் போன் பண்ற வரைக்கும் கை வெக்காதீங்க.”

“சீக்கிரம் சொல்லுங்க சார். கல்லறைத் திருநா நெருங்குனா ஒங்காளுங்க என்னைய மூச்சுவிட வுட மாட்டாங்க.”

திருமானூர் பஸ்ஸில் ஏறியபோது டேவிட்ராஜ் அழைத்தான். முருகையன் சொல்லிவிட்டிருந்தார்.

“என்ன மச்சான் இது? அம்மா இப்பதான் கொஞ்சம் தேறியிருக்கு. அந்த ஒரு வரியப் புடிச்சிக்கிட்டுத்தான் எழுந்து நடமாடுது.”

“அவ அதச் சொல்லலடா.”

 “நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?” என்றான் டேவிட்ராஜ்.

“நான் எழுதல. ஏஐ எழுதுச்சு. எழுதச் சொன்னது நான்.”

“எத வேணா எழுதுங்க, எவன வேணா வெச்சி எழுதுங்க. அம்மாகிட்ட மட்டும் போயிச் சொல்லிறாதீங்க. சொன்னீங்கன்னா அப்பறம் எம் மூஞ்சில முழிக்காதீங்க.” வைத்துவிட்டான்.

அடிபட்ட இடம் வரும்போது பிலவேந்திரன் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வான். இன்று மூட மறந்துவிட்டான். புளியமரத்தடியில் யாரோ கரும்புச்சாறு வண்டி போட்டிருந்தார்கள். ஆட்கள் நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஏலாக்குறிச்சியில் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. மரிய புஷ்பம் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். வாசல் ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

“வாங்க தம்பி. என்ன, வேல நாள்ல? ஒடம்பு கிடம்பு சரியில்லையா? எளச்சிப் போயிட்டீங்க.” துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினார். பாதியில் எழுந்து கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்தார். மடித்ததை உதறி மறுபடியும் மடித்தார்.

“உக்காருங்க அத்தை.”

“உக்காந்தா இங்க வந்து நிக்கிது தம்பி.” நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “கல்லு மாரி. சோறு எறங்க மாட்டேங்குது. அழுதா போயிரும்ங்குறா எதுத்த வூட்டுக்காரி. எப்புடி அழுவுறது? அவளே அழக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. வரும். வந்தா முழுங்கிருவேன்.”

அவன் வழியெல்லாம் தேடி வைத்திருந்த சொல் எல்லாம் போயிற்று.

“அத்தை, அவ அப்புடிச் சொல்லல.”

அவர் துணியை மடித்துக்கொண்டே, “எப்புடிச் சொல்லல?” என்றார்.

“நான் போவும்போது உசுரு இல்ல. துணி போட்டுட்டாங்க. எங்கிட்ட அவ ஒண்ணுமே சொல்லல. பூசையில படிச்சது அவ சொன்னது இல்ல. ஏஐன்னு ஒண்ணு, போன்ல கேட்டா பதில் சொல்லும்ல, அதுமாதிரி. அதுகிட்டச் சொல்லி எழுதி வாங்குனேன். ஆதாரமில்லைன்னு அது சொல்லத்தான் செஞ்சிது. நாந்தான் கேக்கல.”

மரிய புஷ்பம் மடித்த துணியைக் கையில் பிடித்துக்கொண்டு புரியாமல் பார்த்தார். பிறகு குரல் ஏறியது.

“சாமியாரு முன்னாடி படிச்சாங்களே தம்பி. ஊரே கேட்டுச்சே. நான் எத்தன பேருகிட்டச் சொன்னேன்! ஒரு மிசினு சொன்னதையா எம்மவ சொன்னான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்? வாயத் தொறந்து இல்லன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு ஒங்களுக்கு ஒரு வருசமா?”

அவன் தண்ணீர்ச் செம்பைத் தரையில் வைத்தான்.

“யாரும் காதுல சொல்லலியா? ரோட்டுல நின்னவங்க, தூக்கிட்டுப் போனவங்க, ஒருத்தரும்?”

“தெரியல அத்தை.”

“தெரியல.” அவர் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கையில் இருந்த துணியைக் கசக்கினார். சட்டென்று நிமிர்ந்தார்.

“அப்ப, அழக்கூடாதுன்னும் அவ சொல்லல?”

“சொல்லல.”

“அழாதம்மான்னு சொல்லல.”

“இல்லத்தை.”

 அவர் கசக்கிய துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் தோள்தான் ஆடியது. பிறகு சத்தம் வந்தது. எதிர்வீட்டுப் பெண் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். பிலவேந்திரன் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். எழுந்து நடக்கத் தோன்றியது. நடக்கவில்லை.

அழுது முடிந்தபோது விளக்கு வைக்கும் நேரமாகியிருந்தது. மரிய புஷ்பம் மூக்கைச் சிந்திவிட்டு அவன் போனில் மகனை அழைத்துத் தரச் சொன்னார்.

“டேவிட்டு, கல்லுல பேரும் தேதியும் போதும்னு சொல்லிரு. வேற ஒண்ணும் வேணாம். ஆமா, வந்துருக்காரு. சொல்லிட்டாரு. நீ எதுக்குக் கத்துற? எனக்கு எதையும் மறைக்க வேணாம் போ.” போனைத் திருப்பிக் கொடுத்தார். “அவ காதுல நான் சொல்லிக்கிறேன் தம்பி. கல்லறைத் திருநா அன்னிக்கி மெழுவுத்தி ஏத்திட்டு, கல்லுல வாய வெச்சிச் சொல்லிக்கிறேன். சாமியாரு வேணாம்னா சொல்லப் போறாரு?”

உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். அவனுடைய டப்பாவைத் திறந்து காய்ந்த தோசையைப் பார்த்துவிட்டு, “இதயா திங்கிறீங்க?” என்று எடுத்துக் கோழிக்குப் போட்டார். சோறு வைத்தார். அவருக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் அவர் கை நின்றது.

“காலையில வூட்ட விட்டுக் கெளம்புனப்ப ஏதாவது சொல்லிருப்பாள்ல?”

“அது பெருசா ஒண்ணுமில்ல அத்தை.”

“பெருசா இல்லன்னா போவுது. அவ சொன்னதுதான? சொல்லுங்க.”

அவன் தட்டைப் பார்த்தான். அன்று அவன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. முந்திரி அத்தியாயத்தில் ஏஐ கேட்ட ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தான். அதனால் அவள் முகம் அவனிடம் இல்லை, குரல் மட்டும்தான் இருந்தது. கையிலிருந்த ஹெல்மெட் கதவில் இடித்த சத்தம். செருப்பைத் தேடிய சத்தம். கல்லுக்கு வரவிருந்த வரி இந்த முறை முந்திக்கொண்டு வரவில்லை. வாசலிலிருந்து, பாதி திட்டும் பாதி சிரிப்புமாக, அவள் பேச்சிலேயே வந்தது. அப்படியே சொன்னான்.

“மோட்டாரு ஓடுது. உங்க கூட்டாளிகிட்டப் பேசிக்கிட்டே மறந்துறாதீங்க.”